உடையார்குடி: கல் சொன்னதும் ஊர் சொன்னதும்

சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது காட்டுமன்னார்கோயில். பேருந்து ஊரை நெருங்கும்போதே காற்றில் ஈரம் தெரியும். வீராணம் ஏரி அருகில் இருப்பதற்கு அதுவே அடையாளம். முதலாம் பராந்தக சோழர் காலத்தில் வெட்டப்பட்டு, அவருடைய விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதைத் தாங்கிய பேரேரி இது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் நீர், சுமார் 14 கி.மீ. நீளத்துக்கு இங்கே தேங்கி நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக வயல்களை நனைத்த இந்த நீர், 2004 முதல் சென்னைவாசிகளின் குடங்களையும் நிரப்புகிறது.

ஏரிக்கு மட்டுமன்றி ஊருக்கும் அன்று அதே பெயர்தான். ஸ்ரீவீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் இதனைக் குறிக்கின்றன. வேதம் வல்லார் நிறைந்த பெரிய பிரமதேயம். ஊர்க் காரியங்களைப் 'பெருங்குறி மகாசபை' கூடி முடிவு செய்த ஊர். அந்தப் பழைய ஊரின் ஒரு பகுதியே இன்றைய உடையார்குடி. வைணவர்களுக்கு இது நாதமுனிகளும் அவர் பேரரான ஆளவந்தாரும் அவதரித்த புண்ணிய பூமி. வீரநாராயணப் பெருமாளைச் சேவிக்க வருவோர் அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். சைவர்களுக்கோ, ஆதிசேஷனாகிய அனந்தன் வழிபட்டதாகத் தலமரபு கூறும் அனந்தீசுவரர் ஆலயம் இங்கே உண்டு.

அனந்தீசுவரர் கோயிலில் பெருங்கூட்டம் இருப்பதில்லை. பிரதோஷ காலத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் வரும். மற்ற நாட்களில் தீபத்தின் ஒளியும் வில்வத்தின் மணமும் துணையாக, நிதானமாகத் தரிசிக்கலாம். சோழர் காலக் கற்றளி. சுவர்களில் எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், பொன் கொடுத்தவர் என்று அறம் செய்தோரின் பெயர்களே பழங்கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலும் நிறைந்திருக்கும். இந்தக் கோயிலிலும் அப்படித்தான். ஆயினும் கருவறையின் புறச்சுவர்ப் பகுதியிலுள்ள ஒரு கல்வெட்டு மட்டும், அறத்தைச் சொல்லும்போதே ஒரு கொலையையும் சொல்கிறது. அண்மைக்காலமாக வெளியூரிலிருந்து வருவோரில் பலர், சுவாமி சந்நிதிக்குப் போகுமுன் அந்தச் சுவரைத் தேடிப் போகின்றனர்.

ஓர் இளவரசரின் மறைவு

கொல்லப்பட்டவர் ஆதித்த கரிகாலர். சுந்தர சோழரின் மூத்த புதல்வர். குந்தவைப் பிராட்டியாருக்கும், பின்னாளில் ராஜராஜர் எனப் புகழ்பெற்ற அருண்மொழிவர்மருக்கும் தமையனார். சேவூர்ப் போர்க்களத்தில் மிக இளவயதிலேயே வீரபாண்டியனை எதிர்த்துப் பொருது, 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்னும் அடைமொழியைப் பெற்றவர். தந்தையாருக்குப் பின் அரியணை ஏறவேண்டிய அவர், கி.பி. 970ஐ ஒட்டிய ஆண்டில் மறைந்தார். சுந்தர சோழரும் அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. காஞ்சிப் பொன்மாளிகையில் அவர் உயிர்நீத்ததால் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் அவரைச் சொல்லும்.

அரியணை அருண்மொழிக்கு வரவில்லை. சுந்தர சோழரின் பெரியப்பா கண்டராதித்தர். அவருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த உத்தம சோழர் அரசரானார். அவர் ஆண்ட ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பிறகே, 985இல், ராஜராஜர் முடி சூடினார்.

பின்னாளில் ராஜேந்திர சோழர் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த நிகழ்வுகளைச் சுருக்கமாகச் சொல்கின்றன. ஆதித்தர் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மண்ணுலகை நீத்தார் என்று அவை மங்கலமாகக் கூறும். குடிகள் அருண்மொழியை அரசேற்குமாறு வேண்டியதையும், தம் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை அரசைத் தாம் மனத்தாலும் விரும்பேன் என்று அவர் மறுத்ததையும் அவை தெரிவிக்கின்றன. கொலை என்ற சொல் அங்கே இல்லை. அந்தச் சொல் உடையார்குடிக் கல்லில்தான் இருக்கிறது.

கல் சொன்னது

1920ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த அந்தச் சாசனம், ராஜகேசரி என்னும் பட்டமுடைய மன்னரின் 2ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது. அந்த ராஜகேசரி முதலாம் ராஜராஜரே என்பது அறிஞர்களிடையே நிலைத்த கருத்து. ஆகவே காலம் 987ஐ ஒட்டியது. மன்னர் இந்த ஊர்ப் பெருங்குறி சபைக்கு அனுப்பிய ஸ்ரீமுகம், அதாவது திருமுகச் செய்தி, அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கரிகால சோழரைக் கொன்று துரோகிகளானவர் எனச் சிலரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோமன் என்பான் ஒருவன். பஞ்சவன் பிரமாதிராஜன் எனப்பட்ட ரவிதாசன். அவன் தம்பியும் இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் எனப்பட்டவனுமான பரமேசுவரன். அனைவரும் உடன்பிறந்தோர். பிரமாதிராஜன் என்பது அந்தணருள் உயர்ந்த அலுவல் வகித்தோர்க்கு அரசு அளித்த பட்டம். பட்டம் கொடுத்த அரசுக்கே பகைவராயினர் அவர்கள்.

தண்டனை அவர்களோடு நிற்கவில்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், பெரியப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், அவர்களின் சகோதரிகளை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என உறவின் ஒவ்வொரு கிளையையும் எண்ணி எண்ணிச் சொல்லி, அனைவரின் உடைமையும் அரசாணைக்கு உட்பட்டது என்கிறது சாசனம். அதனை நிறைவேற்றக் கொட்டையூரையும் புள்ளமங்கலத்தையும் சேர்ந்த இருவர் நியமிக்கப்பட்டனர். அவ்வாறு கைமாறிய உடைமைகளைச் சொல்லும் இடத்தில் மலையனூரைச் சேர்ந்த ரேவதாச கிரமவித்தன், அவன் மகன், அவன் தாய் பெரிய நங்கைச்சானி என்போர் பெயர்கள் வருகின்றன. அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்காக அளித்தார். அந்த அறத்தைப் பதிவு செய்யவே கல்வெட்டு இந்தக் கோயிலில் எழுந்தது. துரோகத்தின் செய்தி அந்த அறத்தின் முன்கதையாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

கல் சொல்வது இவ்வளவே. கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, ஏன் நடந்தது, ஏவியவர் எவரேனும் உண்டா என்பது பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. குற்றவாளிகளின் உயிருக்கு என்ன நேர்ந்தது என்பதும் இல்லை. எழுத்துகள் சிதைந்த இடங்களும் உண்டு.

ஊர் சொன்னது

சொல்லாமல் விட்ட இடங்களில்தான் சந்தேகம் குடியேறுகிறது. சதி நடந்தது உண்மை, அதில் ஐயமில்லை. சதிக்குப் பின்னால் இன்னொரு பெரிய சதி இருந்ததா என்பதே கேள்வி.

பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார், இளவரசர் மறைந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்தே தண்டனை வெளிப்படுவதைக் கண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆண்டவர் உத்தம சோழர். அவருக்கு அரசின்மேல் விருப்பம் இருந்ததைச் செப்பேடு குறிக்கிறது. ஆகவே கொலையில் உத்தமருக்குப் பங்கிருக்கலாம் என்று அவர் கருதினார். தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் இதனை ஏற்கவில்லை. உத்தம சோழரைக் குற்றவாளியாகக் கொள்வதற்கு இடமில்லை என்று வாதிட்டார். குடவாயில் பாலசுப்பிரமணியனும் இக்கல்வெட்டை மீண்டும் படித்து ஆராய்ந்து, அதன் வாசகம் உத்தமரைக் குற்றம் சாட்டத் துணை செய்யாது என்று எழுதினார். கல்வெட்டில் இருப்பது குற்றவாளிகளின் உறவினர் நிலம் பற்றிய நடவடிக்கை. தண்டனையே அப்போதுதான் தொடங்கியது என்று அதைக்கொண்டு முடிவு செய்ய முடியாது.

வேறு சிலர் எதிர்த்திசையில் சென்றனர். இறுதியில் பயனடைந்தவர் ராஜராஜர்தாமே. துரோகிகளுக்கு உயிர்த்தண்டனை விதித்ததாகக் கல்வெட்டில் இல்லையே. ஆகவே தம்பிக்கும் தமக்கைக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்டனர். இன்னும் சிலர், பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயராயிற்றே, வீரபாண்டியன் தலைக்குப் பழி வாங்கிய செயலாகத்தான் இது இருக்கும் என்றனர். ஆனால் அவன் தம்பியின் பட்டத்திலோ சோழர் பெயர் இருக்கிறது. இக்கால அரசியல் மேடைகளில் இதனை ஒரு சாதியாரின் சதியாகவே சித்திரிப்போரும் உண்டு. இளவரசரைக் கொன்றவர் சிலர்; பழி மட்டும் ஆயிரம் ஆண்டு கழித்தும் பிறக்கும் குழந்தையின் தலையில்!

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். தண்டனை தாமதமானது உத்தமர் குற்றவாளி என்பதற்குச் சான்றாகிறது. தண்டனை மென்மையாக இருந்தது ராஜராஜர் குற்றவாளி என்பதற்குச் சான்றாகிறது. ஒரே கல்வெட்டு இரு வழக்குகளிலும் இரு தரப்பாருக்கும் சாட்சி சொல்கிறது. எதையும் நிரூபிக்கவல்ல சாட்சி உண்மையில் எதையும் நிரூபிப்பதில்லை. பயனடைந்தவரே செய்திருப்பார் என்பதும் முதற்கேள்வியாக நிற்கத்தக்கதே அன்றித் தீர்ப்பாகாது. குடும்பத்தில் மூத்தவர் மறைந்தால் இளையவருக்குப் பொறுப்பு வருவது உலக இயல்பு. அந்த இளையவரெல்லாம் கொலைகாரராக முடியுமா?

தாயும் மகனும்

உத்தம சோழரைப் பற்றிய பேச்சு எழும்போது அவருடைய தாயாரை மறந்துவிடலாகாது. கண்டராதித்தர் தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவால் பாடிய சிவனடியார். அவர் மறைந்தபின் செம்பியன் மாதேவியார் தம் நெடிய வாழ்நாளைச் சிவத்தொண்டுக்கே ஈந்தார். செங்கல் தளிகளாக இருந்த பல கோயில்களைக் கற்றளிகளாக்கினார். கோனேரிராஜபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில் கணவரின் பெயரால் அவர் எழுப்பிய திருக்கோயிலில், கண்டராதித்தர் சிவனை வழிபடும் சிற்பத்தை இன்றும் காணலாம். மகன் அரசராக இருந்தபோதும், மகன் மறைந்து ராஜராஜர் அரசரானபோதும், அந்த அம்மையாரின் அறக்கொடைகள் நிற்கவில்லை.

ராஜராஜர் ஆட்சியில் அவருக்கு மதிப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. உத்தம சோழரின் புதல்வர் மதுராந்தகன் கண்டராதித்தன், கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பில் ராஜராஜரின் கீழேயே பணி செய்தார். தமையனைக் கொன்றவர் எனத் தாம் நம்பிய ஒருவரின் மகனிடம் இறைவன் உடைமையை ஒப்படைக்க எவருக்கும் மனம் வருமா? இதுவும் முடிந்த முடிபான சான்றன்று. ஆனால் தராசின் ஒரு தட்டில் ஊகத்தை வைப்போர், மறுதட்டில் இதனையும் வைத்தாக வேண்டும்.

சாசனத்தில் தண்டனை பரவிய விதத்தையும், பின்வந்தோர் மனத்தில் சந்தேகம் பரவிய விதத்தையும் ஒப்பிட்டால் நெஞ்சம் சற்றுத் திடுக்கிடும். அரசாணை குற்றவாளியிடமிருந்து தம்பிக்கும், மாமனுக்கும், மருமகனுக்கும் சென்றது. சந்தேகமும் உத்தமரிடமிருந்து அவரைப் பெற்ற தாயிடமும், ராஜராஜரிடமிருந்து அவரை வளர்த்த தமக்கையிடமும் போய் நிற்கிறது. அரசாணை பறித்தது நிலத்தையும் மனையையும். சந்தேகம் பறிப்பது நற்பெயரை. அதை மீட்க எந்த மகாசபையும் இல்லை. பெரிய நங்கைச்சானி என்ற அந்தத் தாய் சதியை அறிந்திருந்தாரா, அறியாமலே அனைத்தையும் இழந்தாரா? கல் சொல்லவில்லை. அவர் பெயரின்முன் நிற்பவர் ஒரு கணம் மௌனமாக இருப்பதே தகும்.

கதை வந்த வழி

வெளியூரார் இங்கே வரக் காரணம் பெரும்பாலும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய அந்தப் புதினம் இதே ஏரிக்கரையில், ஓர் ஆடிப்பெருக்கு நாளில், வந்தியத்தேவனின் குதிரைக் குளம்படியோடு தொடங்குகிறது. அதனை வாரந்தோறும் காத்திருந்து படித்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள், 2022லும் 2023லும் திரையில் அதே கதையைக் கண்டனர். புதினத்தில் சதியாலோசனையும் இளவரசரின் முடிவும் கடம்பூர் மாளிகையில் நிகழ்கின்றன. ஆகவே காட்டுமன்னார்கோயிலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் மேலக்கடம்பூருக்குச் செல்வோரில் சிலர், அந்த மாளிகை எங்கே என்று உள்ளூராரைக் கேட்கின்றனர்.

அங்கே காணக் கிடைப்பது அமிர்தகடேசுவரர் ஆலயம். சக்கரங்கள் பூட்டிய தேர் வடிவில் அமைந்த, தேவாரம் பெற்ற அருமையான தலம். மாளிகை கல்கியின் கற்பனையில் எழுந்தது. நந்தினியும் அவ்வாறே. கல்வெட்டில் பெயராக மட்டும் நின்ற ரவிதாசனுக்கு முகமும் குரலும் கொடுத்தவரும் அவரே. ஆயினும் கல்கி ஒரு நேர்மையைக் காத்தார். கொன்ற கை எது என்பதைப் புதினத்திலும் அவர் ஐயத்துக்கு இடமறக் காட்டவில்லை. சரித்திரம் திரையிட்ட இடத்தில் தாமும் ஒரு திரையை விட்டுவைத்தார். கதையைக் கதையாகப் படித்து மகிழ்வதில் பிழையில்லை. கதையில் வந்ததைச் சாசனத்தில் வந்ததாக நம்பி, கைபேசியில் உறவினருக்கெல்லாம் அனுப்பும்போதுதான் பிழை தொடங்குகிறது.

நாதமுனிகள் காட்டிய நெறி

இதே ஊரில் இன்னொருவரும் ஒரு வெற்றிடத்தின்முன் நின்றார். வீரநாராயணப் பெருமாள் சந்நிதிக்கு வந்த யாத்திரிகர் சிலர், குடந்தை ஆராவமுதன்மீது நம்மாழ்வார் அருளிய பதிகத்தைப் பாடினர். ஆயிரம் பாடல்களுள் இவை பத்து என்று அதன் இறுதிப் பாசுரம் சொல்வதை நாதமுனிகள் கேட்டார். மற்றவை எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை.

அவர் பெரும் பண்டிதர், இசை வல்லார், விட்டுப்போனதைத் தம் புலமையால் ஊகித்து நிரப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தேடிப் புறப்பட்டார். குடந்தைக்குச் சென்று, பின் திருக்குருகூர் வரை நடந்தார். அங்கே மதுரகவிகளின் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பிரபந்தத்தைப் பன்னீராயிரம் முறை ஓதித் தவமிருந்தார். நம்மாழ்வார் காட்சி தந்து ஆயிரத்தையும், நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை வரலாறு. தெரியாததைத் தெரியாதது என்று ஏற்ற பணிவுக்குக் கிடைத்த பரிசே இன்று பெருமாள் கோயில்தோறும் ஒலிக்கும் திவ்யப் பிரபந்தம்.

அனந்தீசுவரர் கோயில் கல்லிலும் வீரநாராயணப் பெருமாள் கோயில் வரலாற்றிலும் ஒரே பாடத்தை இந்த ஊர் வைத்திருக்கிறது. விடுபட்ட இடத்தைத் தேடலாம். தேடியும் கிடைக்காவிடில் அப்படியே விட்டுவைக்கலாம். ஊகத்தை இட்டு நிரப்பி, மறுமொழி சொல்ல முடியாதவர்மேல் பழி சுமத்துவது மட்டும் ஆகாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசர்களுக்குப் பொருந்துவது, பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் பொருந்தும். பல குடும்பங்களில் இரண்டு தலைமுறை பேச்சின்றிப் பிரிந்திருப்பதற்குக் காரணம், என்றோ ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றொருவர் தம் மனத்தில் எழுதிக்கொண்டதுதான்.

காட்டுமன்னார்கோயிலுக்குச் சிதம்பரத்திலிருந்து பேருந்துகள் உண்டு. ஒரே நாளில் காலையில் வீரநாராயணப் பெருமாளையும் அனந்தீசுவரரையும் தரிசித்து, மாலையில் மேலக்கடம்பூர் சென்று அமிர்தகடேசுவரரை வணங்கித் திரும்பலாம். உடையார்குடியில் வலம் வரும்போது கல்வெட்டைப் பார்ப்போர், அதன்மேல் எண்ணெய்க் கையோ விபூதிக் கையோ படாமல் பார்த்துக்கொள்வது நலம். எஞ்சியிருக்கும் எழுத்துகளாவது வருங்காலத்தவருக்குக் கிடைக்கட்டும். பார்த்து முடித்தபின் சந்நிதிக்கு வந்து நின்றால், தீபாராதனையில் அனந்தீசுவரர் திருமேனி ஒளிரும். அந்த இளவரசருக்கும், அவரைக் கொன்றவர்களுக்கும், காரணமறியாமல் துன்புற்ற அவர்களின் சுற்றத்தாருக்கும், பொய்ப்பழி சுமந்தோருக்கும் நடந்தது முழுவதையும் அறிந்தவர் அவர் ஒருவரே. தீர்ப்பை அவரிடம் விட்டுத் திருநீறு பெற்றுத் திரும்புவோருக்கு மனத்தின் சுமை ஒன்று குறையும்.